கத்தி ஆகாத குடும்பம்

நீங்கள் அனுப்பிய புதுப் படிவத்தைப் பார்த்தேன். நான்கு பக்கம், வண்ணத்தில், ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு கட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் பக்கத்தில் மட்டும் ‘குடும்பத்தில் யாருக்காவது பரம்பரை நோய் உண்டா?’ என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் பிள்ளைகளா, அந்தக் கேள்விக்கு நம்ம பக்கத்து ஆட்கள் ‘இல்லை’யில்தான் டிக் அடிப்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அவர்கள் வீட்டில் இருப்பதற்கு நோய் என்று அவர்கள் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றித்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருடம் நர்ஸ் வேலை பார்த்தேன். கடைசி எட்டு வருடம், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற மரபணு ஆலோசனை அறையில். அதற்கு முன்னால் இருபத்திமூன்று வருடம் தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டரில். அங்கே எனக்கு ஒரு பெயர் உண்டு. சம்மதக் கையெழுத்து வாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. டாக்டர்கள் அரை மணி நேரம் இங்கிலீஷும் தமிழுமாகப் பேசித் தோற்றுப்போன இடத்தில், நான் போய் ஐந்து நிமிடத்தில் பேப்பரோடு வருவேன். “கோம்பைக்காரியை அனுப்பு, கவ்வுனா விடமாட்டா” என்பார் பெரிய டாக்டர். எங்கள் ஊர் நாயைச் சொல்கிறார் என்று தெரிந்தும் எனக்கு அதில் பெருமைதான்.

அந்தப் பெருமையோடுதான் ஒரு நாள் மத்தியானம் சின்னச்சாமி என்ற பெரியவர் முன்னால் போய் நின்றேன்.

அவர் மயிலாடும்பாறைக்காரர். மகள் செல்விக்குத் தலைப்பிரசவம். வழக்கம்போல் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் ஏலத்தோட்டத்தில் வேலை, குமுளியிலிருந்து ஜீப் பிடித்து வந்துகொண்டிருந்தான். வலி எடுத்துச் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் வயிற்றுப் பிள்ளைக்கு நாடித்துடிப்பு இறங்க ஆரம்பித்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். கையெழுத்துப் போட அங்கே இருந்த ஒரே ஆம்பளை அப்பாதான். அவர் மாட்டேன் என்றார்.

“எங்க வகையறாவுக்குக் கத்தி ஆகாது தாயி. மயக்கம் குடுத்துப் படுக்க வச்சா எந்திரிக்க மாட்டாக. வேற வழி பாருங்க.”

“அய்யா, எந்தக் காலத்துல இருக்கீக? உள்ள பிள்ளைக்கு மூச்சு முட்டுது.”

“வீரபாண்டி ஆத்தாகிட்டப் பூப் போட்டுப் பாத்தோம். கத்தி வேண்டாம்னு வந்துச்சு.”

அந்த ஒரு வார்த்தை போதும், எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பூப் போட்டுப் பார்க்கிற கேஸ். இதையெல்லாம் எத்தனை பார்த்திருக்கிறேன்! நானும் அந்த வீரபாண்டி கௌமாரிக்கு அக்கினிச் சட்டி எடுத்தவள்தான், அந்தப் பாஷை எனக்குத் தண்ணி பட்ட பாடு.

“ஆத்தா வேண்டாம்னா உங்களை எதுக்குய்யா இம்புட்டு வெரசா இங்கன கொண்டாந்து சேத்தா? வயித்துல இருக்கிறதும் அவ குடுத்த பிள்ளைதானே? போடுங்கய்யா. நான் உள்ளதான் நிக்கப்போறேன், உங்க மகளை நானே கூட்டிக்கிட்டு வாரேன்.”

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை வாங்கினார். போட்டு முடித்துவிட்டு, “இது ரெண்டாவது தடவ” என்று தனக்குத்தானே சொன்னார். காதில் விழுந்தது. என்ன இரண்டாவது தடவை என்று கேட்க நான் நிற்கவில்லை. பேப்பர் கையில் இருந்தது, நான் ஓடினேன்.

தியேட்டருக்குள் மயக்க மருந்து டாக்டர் தயாராக நின்றார். அவர் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் திட்டுவார். முதுகில் ஊசி போட்டு உட்கார வைக்க நேரமில்லை, முழு மயக்கம்தான் என்று முடிவாகியிருந்தது. மருந்தை ஏற்றும் முன், எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“சிஸ்டர், குடும்பத்துல யாருக்காச்சும் மயக்க மருந்துல பிரச்சினை ஏதும் வந்திருக்கா?”

“இல்ல சார்” என்றேன்.

பிள்ளைகளா, இந்த இரண்டு வார்த்தையை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷன் மூன்று நிமிடத்துக்கு முன்னால் என் முகத்துக்கு நேரே நின்று சொன்னதே அதற்கான பதில்தான். நான் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு, டாக்டருக்குச் சுத்தமான பதிலாகக் கொடுத்தேன். ஆபரேஷன் செய்தது தப்பில்லை, செய்திருக்காவிட்டால் பிள்ளை செத்திருக்கும். நான் கேட்டதைக் கேட்டபடி சொல்லியிருந்தால் டாக்டர் வேறு மருந்தை எடுத்திருப்பார். அது பக்கத்துத் தட்டிலேயே இருந்தது.

பிள்ளை நான்கு நிமிடத்தில் வெளியே வந்து வீல் என்று கத்தியது. ஆண் பிள்ளை. தையல் போட்டு முடித்து, மயக்க வாயுவை நிறுத்தினார்கள். செல்வி எழுந்திருக்கவில்லை.

கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை, மூச்சு இழுக்கவில்லை. தசைகளைத் தளர்த்த முதலில் போட்ட மருந்து சில நிமிடங்களில் உடம்பை விட்டுப் போய்விட வேண்டியது. முக்கால் மணி நேரம் ஆகியும் போகவில்லை. டாக்டர் வெண்டிலேட்டரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, காற்றுப் பையை என் கையில் கொடுத்தார். நான் அமுக்கினேன். அமுக்குவதை நிறுத்தினால் அவளுக்கு மூச்சில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு நர்ஸ், “அந்தப் பெரியவர் அப்பவே சொன்னாருல்ல” என்று முணுமுணுத்தாள். நான் அமுக்குவதை நிறுத்தவில்லை.

டாக்டர் அப்போது ஒரு காரியம் செய்தார். கல் மாதிரிக் கிடந்த செல்வியின் காதருகே குனிந்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னார்: “செல்வி, உனக்குப் பையன் பிறந்திருக்கான், நல்லா இருக்கான். ஒரு மருந்து உன் உடம்பை விட்டுப் போக நேரமாகுது, அதனால உன்னால அசைய முடியல. உனக்காக நாங்க மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம். இப்பத் தூங்க வைக்கிறேன், பயப்படாதே.” பிறகு தூக்க மருந்தை ஏற்றினார். யாரிடம் பேசுகிறார் இந்த மனுஷன் என்று நினைத்தேன்.

ஐந்து மணி நேரம். சாயங்காலம் ஆறு மணிக்கு முதலில் இடது கைச் சுண்டுவிரல் அசைந்தது. அதற்குப் பிறகுதான் நான் போய்த் தண்ணீர் குடித்தேன்.

இரவு உணவுக்கு முன்னால் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நல்ல டோஸ் விழப்போகிறது என்று நினைத்துப் போனேன். “அந்த அப்பா என்ன சொன்னார்? நீங்க புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லாதீங்க. அவர் வாயில வந்ததை வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க” என்றார். சொன்னேன். கத்தி ஆகாது, படுத்தால் எந்திரிக்க மாட்டாக, பூ, இரண்டாவது தடவை, எல்லாவற்றையும். என் ‘இல்ல சார்’ எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். “சிஸ்டர், இதைவிடத் தெளிவா ஒரு குடும்ப வரலாறு எனக்கு யாரும் சொன்னதில்ல” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

மூன்றாம் நாள் செல்வியின் கட்டுப் பிரிக்கப் போனேன். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்து, “எல்லாம் கேட்டுச்சுக்கா” என்றாள்.

“என்னம்மா கேட்டுச்சு?”

“உங்க பேச்சு. முழிப்பு வந்துருச்சு, கண்ணத் தொறக்க முடியல, கத்த முடியல. செத்துப்போனாத்தான் இப்பிடி இருக்கும்போலன்னு நெனச்சேன். அப்பறம் டாக்டரு சொன்னாக, மருந்து போகலன்னு. அதக் கேட்டுத்தான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சுச்சு.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “நீங்க ‘யாத்தே, நானே கொன்னுட்டேனே’ன்னு சொன்னதும் கேட்டுச்சு” என்றாள்.

நான் அதை வாய்விட்டுச் சொன்னேன் என்பதே எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு கட்டைப் பிரித்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. செல்விதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போனது. ஆறு வாரத்தில் அறிக்கை வந்தது. அந்த மருந்தை உடைக்கிற நொதி செல்வியின் உடம்பில் சரியாக வேலை செய்யவில்லை. அந்த நொதிக்கான ஜீனில் அப்பா வழியாக ஒரு பழுது, அம்மா வழியாக ஒரு பழுது. அவள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அந்த வகையறாவில் நாலு தலைமுறையாகச் சொந்தத்துக்குள்தான் சம்பந்தம். மற்றபடி அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை. அந்த மருந்து உள்ளே போகாதவரை நூறு வயது வரை இருப்பார்கள்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு டாக்டரும் நானும் மயிலாடும்பாறைக்குப் போனோம். டாக்டர் சொல்லி முடித்ததும் சின்னச்சாமி அய்யா கேட்டார்: “அப்பக் கத்தி ஆகும். அந்த ஒரு மருந்துதான் ஆகாது. அப்பிடியா?”

“அப்படித்தான்.”

பிறகு அந்த இரண்டாவது தடவை என்ன என்று நானே கேட்டேன். இப்போதாவது கேட்டேனே.

அவருக்கு ஓர் அக்கா, வேலுத்தாய். அதற்குப் பதினாலு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்றில் கட்டி. அக்காளுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகன் பாண்டி, அப்போது பத்தொன்பது வயசு. சின்னச்சாமி அய்யாவின் சித்தப்பா ஒருத்தர் ஆபரேஷன் மேஜையிலேயே போனது அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். ஆத்தாளுக்கு வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா என்று பாண்டி கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறான். “நான்தான் எட்டாப்பு வரைக்கும் படிச்சவன். அதெல்லாம் சும்மா, பயப்படாதேன்னு அவனை வஞ்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன் தாயி. அக்கா வெளிய வரல. இதயம் நின்னுபோச்சுன்னு சொன்னாக. அன்னைக்கு என்னைய விட்டுப் போனவன்தான் பாண்டி, இன்னைக்கு வரைக்கும் என் மொகத்துல முழிக்கல.”

தாய்மாமன் இல்லாமலே பாண்டியின் கல்யாணம் நடந்தது. அவன் பிள்ளைக்குக் காது குத்தும்போதும் அவரைக் கூப்பிடவில்லை. நம்ம பக்கத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் நான் தியேட்டரை விட்டு இந்த அறைக்கு மாறினேன். டாக்டர்தான் படிக்க அனுப்பினார். அந்த வகையறாவில் ஒவ்வொரு வீடாகப் போனேன். சோதித்தவர்களுக்கு, எந்த மருந்து கூடாது என்று அச்சடித்த அட்டை கொடுத்தோம். அந்த அட்டையைப் பெட்டகத்தில் நிலப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டினார்கள், தொலைந்துவிடக் கூடாதாம்! ஆத்திர அவசரத்துக்குப் பூட்டை உடைத்தா ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள் என்று வீடு வீடாகச் சத்தம் போட்டு, சட்டைப் பைக்கும் சுருக்குப் பைக்கும் மாற்றி வைத்தேன். எல்லாரும் ரத்தம் கொடுத்தார்கள். கம்பத்தில் பாண்டி வீட்டுக்குப் போன கடிதம் மட்டும் பிரிக்காமலே திரும்பி வந்தது.

ஒரு வருடம் கழித்துச் செல்வி போன் செய்தாள்.

“அக்கா, பாண்டி மச்சான் மகளுக்குத் தொண்டைச் சதை ஆபரேசனாம். மதுரையில, வர்ற வியாழக்கெழம. அவுக சம்சாரம் யார்கிட்டயோ சொல்லி எனக்குத் தெரிய வந்துச்சு.”

அன்றைக்குத் திங்கட்கிழமை. பாண்டியின் ஆத்தாளுக்கு இரண்டு பழுதும் இருந்திருக்க வேண்டும். ஒன்று பாண்டிக்குக் கட்டாயம் வந்திருக்கும். அவனும் அதே வகையறாவில்தான் பெண் கட்டியிருந்தான், மகளுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம். ஆறு வயசுப் பிள்ளை. பிள்ளைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களைப் பதற வைக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்தது மூன்றே நாள்.

செல்வியிடம் அவள் அறிக்கையைப் பற்றிச் சொல்ல அனுமதி கேட்டேன். “சொல்லுங்கக்கா, இதுல என்ன இருக்கு” என்றாள். பெரியவரிடமும் கேட்டேன். “சொல்லுங்க தாயி. ஆனா என்னயப் பத்தி நல்லதா ஒன்னும் சொல்லிப்புடாதீக. என் பேரை எடுத்தா அவன் எந்திரிச்சுப் போயிருவான். பிள்ளை உசுரு பெருசு” என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

கம்பத்தில் பாண்டிக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை. குழாய்ச் சுருள்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். மயிலாடும்பாறை என்றதுமே முகம் மாறிவிட்டது.

“மாமா அனுப்பிச்சாகளா?”

“இல்லப்பா. நானா வந்தேன். உன் மகளுக்காக வந்தேன். அஞ்சு நிமிசம் குடு.”

மருந்தைப் பற்றிச் சொன்னேன். சோதனைக்கு நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த அட்டையை மதுரை மயக்க மருந்து டாக்டரிடம் காட்டினால் போதும், அவர் வேறு மருந்து போட்டுக்கொள்வார் என்றேன். அவன் அட்டையைத் தொடவில்லை.

“இது எங்க வகையறாவுலதான் இருக்குன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அந்த இடத்தில் நான் யோசித்தேன். ஜீன், நொதி என்று பேசிக்கொண்டே போகலாம். அப்படிப் பேசினால் அவன் அட்டையை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான் என்று பட்டது. என் தப்பைச் சொல்வது என்று முடிவு செய்தேன். செல்விக்குப் பிரசவம் பார்த்த நாளை முதலிலிருந்து சொன்னேன். அவள் அப்பா கத்தி ஆகாது என்றது, நான் வீரபாண்டி ஆத்தாளின் பெயரைச் சொல்லி மயக்கிக் கையெழுத்து வாங்கியது, டாக்டர் கேட்டபோது இல்லை என்றது, ஐந்து மணி நேரம் அந்தப் பெண் சொந்த மூச்சில்லாமல் கிடந்தது. பெரியவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாக்கு வாக்குதான்.

பாண்டி கேட்டுக்கொண்டே இருந்தான். முடிந்ததும், “படிச்சவுகதானே நீங்க? அம்புட்டுச் சொல்லியும் ஏன் போட வச்சீக?” என்று கேட்டான். கோபமாகத்தான் கேட்டான்.

“நல்லது நெனச்சுத்தான்ப்பா. அந்தப் பொண்ணும் பிள்ளையும் பொழைக்கணும்னுதான். எனக்குத் தெரியல.”

குழாய் வாங்க ஒருத்தர் வந்தார், அப்புறம் வாங்க என்று கையைக் காட்டி அனுப்பினான். பிறகு கேட்டான்.

“அப்ப எங்காத்தா செத்திருக்க வேண்டியதில்ல. அந்த மருந்து எதுன்னு தெரிஞ்சிருந்தா.”

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். எத்தனை வருடம் ஆனாலும் வரும். விதி என்று சொல்லலாம், அந்தக் காலத்தில் இந்த வசதி இல்லை என்று சொல்லலாம். அதெல்லாம் நமக்குத்தான் ஆறுதல், கேட்கிறவனுக்கு இல்லை. நான் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“உங்க ஆத்தாகிட்ட ரத்தம் எடுத்து யாரும் பாக்கல, அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இதுவாத்தான் இருக்கும்னு நாங்க நெனைக்கிறோம். இதுதான்னா, செத்திருக்க வேண்டியதில்லப்பா. அன்னைக்கு அங்கன இருந்த யாருக்கும் அது தெரியாது.”

“யாருக்கும்” என்று அவன் திருப்பிச் சொன்னான்.

பெரிய ஆம்பளை, மீசையும் அதுவுமாக, குழாய்ச் சுருளில் சாய்ந்துகொண்டு அழுதான். நான் எழுந்து வெளியே போகவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அட்டையை எடுத்தான். இரண்டு பக்கமும் படித்தான். சட்டைப் பையில் வைத்தான். பிறகு போனை எடுத்து எதையோ தேடினான், தேடிக்கொண்டே இருந்தான்.

“என்னப்பா?”

“மாமா நம்பர் என்கிட்ட இல்ல சிஸ்டர்.”

என் போனில் இருந்தது. நானே போட்டு அவன் கையில் கொடுத்தேன். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார். யாரு, யாரு என்று பெரியவர் கேட்பது எனக்கே கேட்டது.

“மாமா, பாண்டி பேசுறேன். பிள்ளைக்கு வியாழக்கெழம ஆபரேசன். மதுரையில.” கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டான். “தெரியும் மாமா, சிஸ்டர் சொல்லிட்டாக. அட்டை பையில இருக்கு.” மறுபடி கேட்டான். “இல்ல மாமா, அதுக்கில்ல. நீங்க வாங்க. இல்ல, நீங்க வாங்க மாமா. நீங்க இருந்தாத்தான் எனக்குத் தைரியம்.”